பூனையின் மேல் பழி

இல்லம் பேணுவோம் (மாதப் பகுதி)

பள்ளி விடுமுறை முடிந்து நம் குடும்பங்கள் ஊரிலிருந்து மும்பைக்குத் திரும்பும் காலம் இது. நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ஊறுகாய் ஜாடியும் அப்பளக் கட்டுமாக வந்து இறங்குகிறோம். ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறோம். தரையைப் பெருக்கி, விளக்கேற்றி, உலை வைப்பதற்குள் கணுக்காலில் சுருக்கென்று ஒரு கடி, அடுத்து இன்னொன்று. மாலைக்குள் குழந்தைகளின் கால்களில் சிவந்த தடிப்புகள். மறுநாள் காலை விசாரணை நடக்கிறது. விசாரணை என்பதும் பெயரளவிற்குத்தான். "எல்லாம் இந்தப் பூனையால் வந்த வினை" என்று தீர்ப்பு ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டார் ஊற்றிய பாலில் ஒரு மாதம் காத்திருந்து, நம் குரல் கேட்டவுடன் ஓடி வந்த அந்தச் சீவன், கோணிப்பையில் கட்டப்பட்டு மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடப்படுகிறது.

"பூனையை வெளியேற்றிவிட்டால் தெள்ளு ஒழியுமா?" என்று அன்பர்கள் சிலர் நம்மிடம் வினவியுள்ளனர். ஒழியாது, முதல் சில வாரங்களில் கடி மிகுதியாகும் என்பதே நம் விடை. அதன் காரணத்தையும், தெள்ளை உண்மையாகவே ஒழிக்கும் வழியையும் இத்திங்கள் எழுதுகின்றோம்.

முதலில் கடித்தது யார் என்று அறிதல் வேண்டும். பேன் வேறு, உண்ணி வேறு, மூட்டைப்பூச்சி வேறு, தெள்ளு வேறு. உண்ணி தோலில் வாயைப் பதித்து ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும், குதிக்காது. மூட்டைப்பூச்சி கட்டிலிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் வரும். தெள்ளு, எள்ளைவிடச் சிறிய, பழுப்பு நிறமான, இறகில்லாத பூச்சி. அதன் உடல் இரு பக்கமும் அழுத்தியது போல் தட்டையாக இருப்பதால் உரோமத்தினூடே வழுக்கிக்கொண்டு ஓடும். விரலில் அகப்படுமுன் குதித்துவிடும். தன் உடல் நீளத்தைப் போல் பல மடங்கு தூரம் தாண்ட வல்லது. மனிதரைக் கடிக்கும்போது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் கடிக்கும். கடித்த பின் நம் உடலில் குடியிருக்காது.

பூனையின் மேல் தெள்ளு இருக்கிறதா என்பதை எளிதில் சோதித்தறியலாம். பற்கள் நெருங்கிய பேன்சீப்பால் பூனையின் கழுத்தையும் வால் தொடங்கும் இடத்தையும் வாருங்கள். மிளகுத்தூள் போன்ற கருந்துகள்கள் உதிரும். அவற்றை ஈரமான வெள்ளைத் தாளில் இட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். வெறும் புழுதியானால் புழுதியாகவே இருக்கும். செம்பழுப்பு நிறம் கசிந்து பரவுமானால் அது தெள்ளின் எச்சம். அஃதாவது, செரித்த இரத்தம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் இச்சான்று போதும்.

நிற்க. பூனையின் மேல் தெள்ளு இருக்குமானால் பூனையை விலக்குவதுதானே முறை என்று கேட்கலாம். இங்கேதான் நாம் கணக்கில் தவறுகிறோம். ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தை நூறு எனக் கொண்டால், வளர்ந்த பூச்சியாய்ப் பூனையின் மேல் இருப்பவை ஏறத்தாழ 5 மட்டுமே என்பது பூச்சி நூலார் பலரும் கூறும் மதிப்பீடு. மற்ற 95 எங்கே? பாதியளவு முட்டைகளாகவும், மூன்றில் ஒரு பங்கு புழுக்களாகவும், எஞ்சியவை கூட்டுப்புழுக்களாகவும் வீட்டிற்குள் கிடக்கின்றன. கட்டிலின் அடியில், பாய்ச் சுருளில், சோபாவின் இடுக்கில், சுவரும் தரையும் சேரும் சந்தில் அவை வளர்கின்றன.

பெண் தெள்ளு இரத்தம் குடித்த இரண்டொரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 வரை இடும். பூனையின் மேல் பத்துப் பெண் தெள்ளுகள் இருந்தால் ஒரு வாரத்தில் 2,800 முட்டைகள் ஆகின்றன. முட்டை உரோமத்தில் ஒட்டுவதில்லை. வழவழப்பானதாகையால் பூனை படுக்கும் இடமெல்லாம் உப்புப் போல் உதிர்ந்துவிடும். சில நாளில் அது பொரிந்து புழுவாகிறது. புழு கடிக்காது, வெளிச்சத்தை வெறுத்து இருளான இடுக்கைத் தேடிப் போகும், மேலிருந்து உதிரும் அந்த உலர்ந்த இரத்தத் துகள்களையே தின்று வளரும். பின்னர் பட்டுநூல் போன்ற இழையால் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டின் மேற்புறம் பசையுடையதாதலால் புழுதியும் மணலும் ஒட்டிக்கொண்டு, பார்ப்பவர் கண்ணுக்குத் தூசியாகவே தோன்றும். வெப்பமும் ஈரமும் அளவாக உள்ள காலத்தில் முட்டை பூச்சியாவதற்கு மூன்று நான்கு வாரங்கள் போதும்.

இக்கூட்டினுள்தான் ஜூன் மாத மர்மம் அடங்கியிருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த தெள்ளு உடனே வெளிவர வேண்டுமென்பதில்லை. இரை வரும் வரையில் கூட்டிற்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. தரையின் அதிர்வு, உடலின் சூடு, நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு ஆகியவையே அதற்கு அழைப்பு மணி. நாம் ஏப்ரலில் வீட்டைப் பூட்டிச் சென்றபோது உதிர்ந்து கிடந்த முட்டைகள், மும்பையின் புழுக்கத்தில் பொரிந்து, வளர்ந்து, கூடு கட்டி, காத்திருக்கின்றன. நாம் கதவைத் திறந்து நாலு பெட்டிகளைத் தரையில் வைத்த அதிர்ச்சியில் அவை ஒருமிக்க வெளிப்படுகின்றன. அவ்வேளையில் அங்கே பூனை இல்லை. நம் கால்களே இருக்கின்றன.

ஆகவே பூனையை மீன் சந்தைக்கு அனுப்பியதன் பயன் என்ன? பசித்த தெள்ளு ஏறிக்கொள்வதற்கு இருந்த ஓரிடத்தையும் அகற்றிவிட்டு, நம் குழந்தைகளை அதற்கு இரையாக நிறுத்தினோம் என்பதே. பூனை இல்லாத வீட்டில் நாளடைவில் தெள்ளு குறையும் என்பது மெய்தான். ஆனால், கூடுகள் எல்லாம் வெறுமையாகும் வரையில் நாம் கடிபட வேண்டும். மாடிப்படியில் உறங்கும் வேறொரு பூனையோ, பரணில் ஓடும் எலியோ கதையை மறுபடியும் தொடங்கி வைக்கலாம். இதற்கு மாறாக, தக்க மருந்திட்ட பூனை வீட்டிற்குள் நடமாடினால், கூட்டிலிருந்து வெளிப்படும் தெள்ளு அதன் மேல் தாவி, முட்டையிடுமுன் மடிகிறது. குற்றவாளி என்று நாம் துரத்தும் பூனையே வீட்டிலுள்ள தெள்ளைப் பிடிக்கும் பொறி.

மேலும், வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமாகும். வீட்டுப் பாலில் வளர்ந்த பூனைக்குச் சந்தைப் பூனைகளோடு போரிட்டு வாழத் தெரியாது என்பதைச் சட்டம் சொல்லாமலே நாம் அறிவோம்.

"தெள்ளு என்றால் பிளேக் அல்லவா?" என்று நம் முதியோர் அஞ்சுவதுண்டு. இந்நகரின் வரலாறு அறிந்தவர் அவ்வச்சத்தை எள்ளமாட்டார். 1896ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்விப் பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. நோய் எவ்வாறு பரவுகிறது என்று அன்று எவரும் அறியார். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்; கார்பாலிக் நீர் தெளித்தார்கள்; குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள்; ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்திச் சோதித்தார்கள். நோயோ எலியின் மேலிருந்த தெள்ளில் இருந்தது. அவ்வுண்மையை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதனையால் காட்டினார். பல ஆண்டுகள் அதைப் பலரும் ஏற்கவில்லை. பின்னர் 1905 முதல் இந்தியப் பிளேக் ஆய்வுக் குழுவினர் நம் பரேலிலேயே சோதனைகள் நடத்தி அதை உறுதிப்படுத்தினர். பிளேக்கின் விளைவாக 1898இல் ஏற்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த திட்டத்தில் எழுந்ததே தாதரும் மாட்டுங்காவும். நம்மவர் பலர் முதலில் குடியேறிய கிங்ஸ் சர்க்கிள் பகுதியின் அகன்ற தெருக்களுக்குப் பின்னால் ஒரு தெள்ளின் கதை இருக்கிறது.

ஆனால் அந்தத் தெள்ளு வேறு. பிளேக்கைப் பரப்புவதில் முதன்மையானது எலித் தெள்ளு. பூனைத் தெள்ளு அவ்வேலையில் மிக மந்தமானது. எனினும் பூனைத் தெள்ளைப் பொருட்படுத்தாமல் விடலாகாது. குட்டிப் பூனையின் மேல் தெள்ளு மிகுந்தால் இரத்தம் குறைந்து ஈறு வெளுத்து, உயிருக்கே இறுதியாகலாம். சில பூனைகளுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாமல் உரோமம் உதிர்ந்து புண்ணாகும். நாடாப்புழு ஒன்றின் வித்தைத் தெள்ளு சுமக்கிறது. தன்னை நக்கும் பூனை தெள்ளையும் விழுங்கிவிடுவதால் குடலில் புழு வளரும். பூனையின் வாலடியில் அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருப்பது அதன் அடையாளம். தரையில் தவழும் குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினாலும் அதே புழு வரலாம். பூனைக் கீறலால் வரும் ஒரு காய்ச்சலின் கிருமியும் தெள்ளின் எச்சத்தில் உள்ளது. ஆதலின், தெள்ளை ஒழித்தல் பூனையின் பொருட்டு மட்டுமன்று.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சென்ற மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் நடந்தது இது. அவ்வீட்டுச் சிறுமி மாடிப்படியின் கீழ்க் கண்டெடுத்த மூன்று மாதக் குட்டியொன்றை வளர்த்து வந்தாள். தெள்ளு தொல்லை மிகவே, தாயார் கடைக்குச் சென்று, தாம் அறிந்த இந்தியில் "பூச்சி மருந்து" என்று கேட்டார். கடைக்காரர் கெட்ட எண்ணமின்றி, நாய்களுக்கு உண்ணி போகத் தூவும் பொடியை எடுத்துக் கொடுத்தார். பொடியைத் தூவிய சில மணி நேரத்தில் குட்டி நடுங்கத் தொடங்கியது, வலிப்புக் கண்டது, விடியுமுன் இறந்தது. தாயார் செய்தது அன்பினாலேயே; மருந்து வாங்கியதும் காசு கொடுத்தே. ஆயினும் அச்சிறுமி பல நாள் தாயாரோடு பேசவில்லை.

நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பொருள்கள் உள்ளன. நாயின் ஈரல் அவற்றை மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. எனவே நாய்க்கு மருந்தாவது பூனைக்கு நஞ்சாகிறது. பூனை தன் உடலை ஓயாது நக்குவதால் தோலில் பட்டதெல்லாம் வயிற்றுக்கும் போகிறது. இதே காரணத்தால் மண்ணெண்ணெய், ஃபினைல், கற்பூரம், பாச்சை உருண்டை, வாசனைத் தைலங்கள் ஆகிய எதையும் பூனையின் மேல் பூசலாகாது. தவறிப் பட்டுவிட்டால் இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்பு இட்டுக் கழுவி, துவட்டி, காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் எடுத்துச் செல்க. நடுக்கமோ வலிப்போ கண்டுவிட்டால் கழுவுவதற்கும் நில்லாது உடனே புறப்படுக.

கடையில் கேட்கும் சொல்லும் முக்கியம். தெள்ளுக்கு மராட்டியில் பிசூ, இந்தியில் பிஸ்ஸூ என்று பெயர். உண்ணிக்கு மராட்டியில் கோசீட், இந்தியில் கில்னி. பூனை மராட்டியில் மாஞ்சர், இந்தியில் பில்லி. "மாஞ்சருக்குப் பிசூ மருந்து" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாங்கிய பொட்டலத்தில் பூனைக்குரியது என்று அச்சிட்டிருக்கிறதா எனப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு பாருங்கள். நாயின் படம் மட்டும் இருக்குமானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பரேலிலுள்ள பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை போன்ற இடத்திற்கு ஒரு முறை சென்று பூனையை நிறுத்துக் காட்டி மருந்து எழுதி வாங்குதல் இன்னும் சிறந்தது.

இனிச் செய்ய வேண்டியவற்றை முறையாகக் கூறுவோம்.

முதலாவது பூனை. ஃபிப்ரோனில், செலமெக்டின் முதலிய மருந்துகள் பூனைக்கென்றே அளவிட்டுக் கிடைக்கின்றன. உரோமத்தை விலக்கி, நாக்கு எட்டாத பிடரியின் தோலில் சொட்ட வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன இடைவெளியில் மூன்று மாதமாவது தொடர்ந்து இடவேண்டும். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டிற்கும் ஒரே நாளில் இடுக. எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு மருத்துவர் சொல்லாமல் எம்மருந்தும் வேண்டா. பேன்சீப்பால் நாள்தோறும் வாரி, அகப்பட்ட தெள்ளைச் சோப்பு நீர்க் கிண்ணத்தில் அமிழ்த்துவதே போதும். வெறும் நீரில் தெள்ளு மிதந்து தப்பும்; சோப்பு கலந்தால் மூழ்கிவிடும்.

இரண்டாவது வீடு. பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் நமக்கு இதில் ஒரு வசதியுண்டு; பெருக்க வேண்டிய இடம் சிறிது. கட்டிலையும் பீரோவையும் நகர்த்தி, இடுக்குகளை நாள்தோறும் பெருக்குங்கள். குப்பையைப் பையில் கட்டி அன்றே வெளியேற்றுங்கள். மூலையில் வைத்தால் அங்கேயே பொரியும். பூனை படுக்கும் துணி, விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றை வாரம் ஒரு முறை கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். பாயையும் மெத்தையையும் நல்ல வெயிலில் போடுங்கள். தெள்ளின் புழு வெயிலையும் உலர்ந்த காற்றையும் தாங்காது. மழைக்காலத்தில் வெயில் கிடைப்பது அரிது. ஆகையால் சோம்பாது பெருக்குதலே அப்போது கை கொடுக்கும். தரைக்கு மருந்து அடிப்பவரை அழைத்தால், பூனை இருக்கும் வீடு என்று முதலிலேயே சொல்லி, தரை நன்றாக உலரும் வரை பூனையை உள்ளே விடாதீர்கள்.

மூன்றாவது பொறுமை. கூட்டினுள் இருக்கும் தெள்ளை எந்தத் தெளிப்பு மருந்தும் எளிதில் எட்டாது. பூனைக்கு மருந்திட்டு, வீட்டைத் துப்புரவு செய்த பிறகும் சில வாரங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெள்ளு தோன்றும். அது மருந்து பலிக்கவில்லை என்பதற்கு அடையாளமன்று; பழைய கூடுகள் காலியாகின்றன என்பதற்கு அடையாளம். பலர் இவ்விடத்தில்தான் மனம் தளர்ந்து கோணிப்பையைத் தேடுகிறார்கள். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் வெற்றி அவர்களுடையதே.

கட்டடத்தில் பொதுவாகத் திரியும் பூனைகளுக்கு உணவிடும் அன்பர்கள், ஆளுக்குச் சிறு தொகை போட்டு அவற்றுக்கும் மருத்துவர் வழியே மருந்திட்டால் மாடி முழுவதும் பயன் பெறும். ஒரு வீட்டார் மட்டும் தெள்ளை ஒழிப்பது, ஒழுகும் பொதுக் கூரையில் தம் தலைக்கு மேல் மட்டும் ஓடு மாற்றுவது போலாகும்.

அடுத்த கோடையில் ஊருக்குப் புறப்படுவோருக்கு ஒரு சொல். பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே பூனைக்கு மருந்திடத் தொடங்குங்கள். புறப்படும் நாளில் விரிப்புகளைத் துவைத்து உலர்த்தி, தரையைத் துப்புரவாகப் பெருக்கி, குப்பையை வெளியேற்றிய பின் பூட்டுங்கள். பூனையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டாரிடம் அடுத்த வேளை மருந்தையும் நாளையும் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும், குழந்தைகளை உள்ளே விடுமுன் பெரியவர் ஒருவர் காலுறை அணிந்து சென்று சன்னல்களைத் திறந்து, அறை முழுவதும் நடந்து, நன்றாகப் பெருக்கி முடிப்பது நலம்.

அதன் பின் பூனையையும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம். அஃது எப்படியும் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருக்கும்.